நான் வானத்தில் இருந்த நேரம்

செல்வி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். கரண்ட் எங்கும் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, உனக்கும் கேட்டிருக்கும். "இந்தத் தடவ நீ வர வேணாம்மா. கொழந்த பொறந்து எல்லாம் நல்லபடியா ஆனப்புறம் சொல்றேன், அப்ப வா" என்றாய். ஏன் என்று கேட்டேன். "அன்னைக்கி நீ சிரிச்சிக்கினு உள்ள வந்த பாரு, அத என்னால மறுபடி பாக்க முடியாது" என்றாய். அதற்குத்தான் என் கரண்ட் போனது.

நேரில் பேசினால் நான் கத்துவேன் என்று எனக்கே தெரியும். கோபம் வந்தாலும் கத்துவேன், அழுகை வந்தாலும் கத்துவேன். இவளுக்கு ரெண்டுக்கும் ஒரே ஹாரன்தான் என்று உங்கள் நைனா சொல்வார். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் தமிழில் படித்த கை, இத்தனை வருஷம் கழித்தும் எழுத்து கோணவில்லை. எழுதி முடித்ததும் நைனா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். அனுப்பிய நிமிஷத்தில் நீ படித்துவிடலாம். பேச்சு போகிறது, எழுத்து போகிறது, என் முகம்கூட வீடியோவில் போகிறது. நான் போய்ச் சேரத்தான் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது.

நீ முதல் தடவை முழுகாமல் இருக்கிறேன் என்று சொன்ன அன்று நைனா செய்த கூத்து உனக்குத் தெரியாது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மாங்காய் லோடு, தக்காளி லோடு என்று ஊர் ஊராய்ப் போனவர். அவருக்குத் தூரம் என்றால் டீசலும் தூக்கமும்தான். போனை எடுத்து, சென்னையிலிருந்து டொரண்டோ எவ்வளவு தூரம் என்று கேட்டார். பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினாறு, பதினேழு மணி என்று அது காட்டியது. "அடேங்கப்பா, கல்கத்தாவுக்கு எட்டு நட. எட்டு நடைக்கி எனக்கு ரெண்டு மாசம் ஆவும். இவன் ஒரு நாளுகூட எடுக்க மாட்டன்றான்" என்று புத்தலப்பட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பினார். அதில் துபாயில் இறங்கி, காத்திருந்து, வேறு ப்ளேன் ஏறி, ஒரு நாளுக்கும் மேல் ஆகும் என்று போட்டிருந்தது. நைனா விடவில்லை. "போன்ல ஒண்ணு போட்டுகீறான், டிக்கெட்ல ஒண்ணு போட்டுகீதே" என்று மாப்பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்டார். அவர் பொறுமையாக, "மாமா, அது நேர்கோட்டுத் தூரம். அப்படி நேரா போற ப்ளேன் எதுவும் இல்ல" என்று விளக்கினார். "அப்ப இல்லாத ப்ளேனுக்கு இன்னாத்துக்குடா டைம் போடறான்?" என்றார் நைனா. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இப்போது அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பெட்டி கட்டிய கதையையும் சொல்கிறேன், கேள். பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடுவது நம் பக்கம் கிடையாது. பெரியவர்கள் கட்டி நைந்த பழந்துணிதான். நான் வருஷக் கணக்காகக் கட்டித் துவைத்த நகரித் தறி நூல் சேலைகள் நாலு, நைனாவின் பழைய வேட்டி இரண்டு, எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசி, வெயிலில் காய வைத்து, கையாலேயே கிழித்து மடித்து வைத்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கந்தையத் தூக்கிக்கினா கனடா போற? அங்க கடையில விக்காததா?" என்று கேட்டாள். "கடையில விக்கிறதுல என் வாசன இருக்குமாடி?" என்றேன். பிரசவ மருந்து, பூண்டு, சுக்கு, குழந்தைக்கு வசம்பு, இடுப்புக்குக் கறுப்புக் கயிறு. பெட்டி மூட முடியவில்லை, நைனா மேலே ஏறி உட்கார்ந்தார்.

வீல்சேர் என்றதும் எனக்கு வந்த கோபத்தை மாப்பிள்ளை உன்னிடம் சொல்லியிருப்பார். அதற்கு முந்தின மாதம்தான் உனக்காக வேண்டிக்கொண்டு அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே திருமலை ஏறினேன். அப்படிப்பட்டவளை வண்டியில் உட்கார வைத்துத் தள்ளுவார்களாம். "எனக்குக் கால்ல இன்னா கொற?" என்று போனில் சண்டை போட்டேன். "அத்த, வீல்சேரு காலுக்கு இல்ல, இங்கிலீசுக்கு" என்றார் உன் வீட்டுக்காரர். சென்னை ஏர்போர்ட்டில் பார்த்தால், அங்கே ஒரு வரிசையே வீல்சேர். ஒவ்வொன்றிலும் என்னைப் போல் ஒருத்தி. எல்லோருக்கும் கால் நன்றாக இருந்தது, எல்லோரும் மகள் பிரசவத்துக்குப் போகிறவர்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெல்லூர் அம்மா, "ஏ ஊரு வதினா மீதி?" என்று தெலுங்கில் எந்த ஊர் எனக் கேட்டு ஆரம்பித்தவள்தான், டொரண்டோ வரைக்கும் என்னை விடவில்லை. நைனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் தள்ளிக்கொண்டு போகப்படுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்.

நான் அந்த முதல் ப்ளேனில் இருந்தபோதுதான் நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். முந்தின சாயங்காலத்திலிருந்து குழந்தை அசையவில்லை என்று உனக்குச் சந்தேகம். படுத்துப் பார்த்தாய், இனிப்பு சாப்பிட்டுப் பார்த்தாய், விடிந்ததும் போனீர்கள். துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு எப்போது தெரியும் என்கிறாய்? எல்லோருக்கும் தெரிந்த பிறகு, எல்லோருக்கும் கடைசியாக.

துபாயில் வண்டி தள்ளிய மலையாளத்துக்காரர் என் போனை வாங்கி வைஃபை போட்டுக் கொடுத்தார். முதலில் உனக்குத்தான் அடித்தேன். நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. நைனாவுக்கு அடித்தேன், மணி அடிப்பதற்குள் எடுத்தார்.

"துபாய் வந்துட்டேன்" என்றேன்.

"சரி."

"செல்வி போன எடுக்கலியே."

"தூங்கிக்கினு இருக்கும். வயித்துப் புள்ளக்காரி, எழுப்பாத."

பிறகு, "எதுனா துன்னியா?" என்று கேட்டார்.

"ப்ளேன்ல குட்த்தாங்க. உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல."

"துன்னு. அடுத்த ப்ளேன்ல குட்த்தாலும் துன்னு. வேணாம்னு சொல்லாத. குளிரும், போத்திக்கோ."

"இன்னாய்யா இது? கட்டிக்கினு வந்த நாள்லருந்து கேக்காததெல்லாம் இன்னைக்கிக் கேக்கற? பொண்டாட்டி கடல் தாண்டுனாத்தான் அரும தெரியுமா?" என்றேன். வழக்கமாக இப்படிச் சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்வார். அன்று சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். நான் நெல்லூர் அம்மாவிடம், என் வீட்டுக்காரருக்கு ஒரே நாளில் பாசம் பொங்கி வழிகிறது என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்த நேரம் அவர் எங்கே இருந்தார் என்று நான் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு தெரிந்தது. மாந்தோப்பு வரப்பில் உட்கார்ந்திருந்தாராம். மாப்பிள்ளை அவரை முன்னமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகு எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்தவரைப் பக்கத்து நிலத்துக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் முடிவு செய்யவில்லை, மாப்பிள்ளையும் முடிவு செய்யவில்லை. நீ செய்தாய். "எங்கம்மா தனியா வந்துகினு இருக்குது, பாஷ தெரியாது, வழியில சொன்னா தாங்காது. யாரும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, பிரசவ அறைக்குள் போயிருக்கிறாய்.

அடுத்த ப்ளேன் பதினாலு மணி நேரம். அதைப் பற்றித்தான் உன்னிடம் நான் இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. நைனா சொன்னாரே என்று கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன். போர்த்திக்கொண்டேன். முன் சீட்டின் முதுகில் ஒரு சின்ன டிவி இருந்தது. நெல்லூர் அம்மாவுக்கு அவள் மருமகன் சொல்லிக் கொடுத்திருந்தார், அவள் எனக்கு அமுக்கிக் காட்டினாள். உலகப் படம் ஒன்று வந்தது, அதில் ஒரு குட்டி ப்ளேன். பக்கத்தில் மீதி தூரம், மீதி நேரம் என்று இரண்டு எண்கள். படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை, அந்த இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். குறையக் குறைய எனக்குச் சந்தோஷம். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கையில் வேலை இல்லாமல் நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே கிடையாது. நாத்து நட்டிருக்கிறேன், களை பறித்திருக்கிறேன், பழக்கூழ் ஃபேக்டரியில் நின்றபடி மாம்பழம் அறுத்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்து ஒரு குழந்தையை நினைத்துக்கொண்டே இருப்பதற்கு யார் எனக்கு நேரம் கொடுத்தார்கள்? உன்னை வயிற்றில் சுமந்தபோதுகூட அந்த நேரம் கிடைக்கவில்லை.

பாப்பாவா பாபுவா, பெண்ணா பையனா என்று நெல்லூர் அம்மா கேட்டாள். எதுவானாலும் முதல் முடி திருமலையில்தான் என்று வேண்டியிருப்பதைச் சொன்னேன். அவள் தன் பேரன் மொட்டை போடும்போது நாவிதரின் கையைக் கடித்த கதையைச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் முன்னால் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் எழுந்து திரும்பிப் பார்த்தார். செல்வி, அந்த நேரம் நீ வலியில் கத்திக்கொண்டிருந்தாய். பிறந்தவுடன் அழாது என்று தெரிந்தே அந்தக் குழந்தையைப் பெற்றுக்கொண்டிருந்தாய். நானோ கால்மேல் கால் போட்டு ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு, ஊர்பேர் தெரியாதவளிடம் மொட்டைக் கதை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். எந்த ராத்திரி கண்ணை மூடினாலும் எனக்கு அந்த ஜூஸின் ருசி வாயில் வருகிறது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை ஒரு கம்பளிக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மழிக்காத தாடி. வேலை அதிகம்போல என்று நினைத்தேன். கோட்டை மாட்டிவிட்டார், பெட்டியை வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "செல்வி ஆஸ்பத்திரில கீறா அத்த" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நாள் இருக்கிறதே, முன்னாலேயே வந்துவிட்டதா, யாரைப் போல இருக்கிறது, பால் குடிக்கிறதா என்று காரில் கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அத்த..." என்று ஆரம்பித்தார். பாவம், நான் எங்கே அவரைப் பேச விட்டேன். ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, "இருக்கட்டும்பா, மெதுவா ஓட்டு" என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையை நீ ஒரு நாளும் குறை சொல்லாதே. அவர் பட்டதையும் நீதான் பார்க்க வேண்டும். எல்லோரும் உன்னைத்தான் கேட்டோம், அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்ட ஆள் நம் வீட்டில் யாரும் இல்லை.

பிறகு நடந்ததுதான் நீ சொன்னது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "எங்கடி என் தங்கம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். கண்ணாடி போட்ட ஒரு நர்சு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்னவோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் புரிந்துவிட்டது. அப்போது நீ சுவரைப் பார்த்தபடியே, "ஏம்மா இவ்ளோ நேரம்?" என்று கேட்டாய். அதற்கு நான் என்னடி சொல்வேன்.

குளிர்ந்த தொட்டிலில் அவளை எனக்காக வைத்திருந்தார்கள். எங்கம்மா வரும்வரை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று நீ அடம் பிடித்தாயாம். பெண் குழந்தை. தலை நிறைய முடி. உன் காது மடல் அப்படியே. பெட்டியைத் திறந்து பழந்துணியை எடுத்தேன். அந்த நர்சு தடுக்கவில்லை, தள்ளி நின்றுகொண்டாள். உனக்கு எப்படிச் சுற்றினேனோ அதேபோலச் சுற்றினேன், கையை உள்ளே வைத்து, காலை மடக்காமல், கழுத்து அசையாமல். நகரிச் சேலையின் நீலக் கரை முகத்துப் பக்கம் வந்தது. நீ வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். நாம் மூன்று பேரும் ஒரு அறையில் இருந்தது அவ்வளவு நேரம்தான்.

மூன்றாம் நாள் உனக்குப் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்று பாலுக்கு யார் சொல்வது? நம் ஊரானால் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவோம், இரண்டு மூன்று நாளில் வற்றும். அந்தப் பனியில் மல்லிகைக்கு எங்கே போவேன்? வீட்டுக்கு வந்த நர்சு ஒரு முழு முட்டைக்கோசைக் கொடுத்துவிட்டுப் போனாள். சமைக்கத்தான் கொடுத்தாள் என்று நினைத்துப் பொரியலுக்கு நறுக்கப் போனேன். நீ கட்டிலில் இருந்தபடி, "அம்மா, அது பொரியலுக்கு இல்ல, மார்ல வெக்கறதுக்கு" என்றாய். இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். உனக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, அடுத்த நொடியே இருவரும் அழுதோம். அந்த இலையை வைத்து, மீதியிருந்த பழந்துணியால் உன் மாரை இறுக்கிக் கட்டினேன். வலிக்கிறது என்று நீ சொல்லவே இல்லை. நான் அங்கே இருந்த மாதங்களில் நாம் சேர்ந்து அழுதது அந்த ஒரு முறைதான். மற்ற நாளெல்லாம் நீ அறையில் அழுதாய், நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒருத்தி அழுகிற சத்தம் இன்னொருத்திக்குக் கேட்கக்கூடாது என்று இருவருமே கெட்டிக்காரத்தனமாக இருந்தோம்.

நீ பிறந்தபோது நைனா கல்கத்தா லோடில் இருந்தார் என்று உனக்குத் தெரியும். மிச்சத்தை நான் சொன்னதில்லை. அப்போது கையில் போன் ஏது? லாரி ஆபீசுக்குச் சொல்லி, அவர்கள் விஜயவாடா ஆபீசுக்குச் சொல்லி, அவர் திரும்பி வரும் வழியில் அங்கே நிறுத்தியபோதுதான் பெண் பிறந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். சித்தூர் வந்து இறங்கியவர் உன்னைத் தூக்காமல் வாசலில் உட்கார்ந்து அழுதார். "எம்பொண்ணு பொறந்து நாலு நாளு ஆவுது. நான் ரோட்ல ஒரு பங்சருக்காக க்ளீனர் பையன அடிச்சிக்கினு இருந்துகீறேன்" என்றார். நல்ல சேதிதான், அதற்கே அந்த மனுஷனுக்கு அவ்வளவு துக்கம். தெரியாமல் கழிந்த அந்த நாலு நாளைப் பற்றி இப்போதும் பேசுவார். நாமே இவளுக்கு அப்படி ஒரு நாளைக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்துத்தான் வரப்பில் விழுந்து கிடந்தார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை முதலில் தெரிந்துகொள். அந்த வலியிலும் அம்மா தனியாக வருகிறாளே என்று நினைத்தாய். உன் வயதில் எனக்கு அந்த மனசு இருந்திருக்காது. ஆனால் நீ எனக்குக் கொடுத்த அந்தப் பதினாலு மணி நேரச் சந்தோஷத்தை எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை செல்வி. துபாயிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கத்தியிருப்பேன். ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்திருக்கும். அந்த வண்டிக்காரர் பயந்திருப்பார், நெல்லூர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ப்ளேன் அதே பதினாலு மணி நேரம்தான் எடுத்திருக்கும், ஒரு நிமிஷம் குறைந்திருக்காது. ஆனால் உன் அறைக் கதவைத் திறந்தபோது என் முகம் சரியாக இருந்திருக்கும். வந்தவள் உன்னைத்தான் முதலில் கட்டிப் பிடித்திருப்பாள். உன்னைப் பார்க்காமல் தொட்டிலைத் தேடியிருக்க மாட்டாள்.

இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாய். ராத்திரி பகல் பயந்துகொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொல்கிறார். அசைகிறதா அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கிறாயாம். டாக்டர் சொன்னதைக் கேள், சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே போ, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காதே. உன் வீட்டுக்காரரிடம் மறைக்காதே. பயத்தை வாய்விட்டுச் சொல். நன்றாகச் சாப்பிடு. இதையெல்லாம் போனில் சொல்லலாம், சொல்லிக்கொண்டும்தான் இருக்கிறேன். சொல்ல முடியாததுதான் ஒன்று இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக ஆன பிறகு வா என்கிறாயே, அப்படி வருவதற்கு நான் என்ன விருந்தாளியா? நல்லது நடந்தால் வந்து பார்க்க ஊரே இருக்கிறது. மல்லிகாகூட டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் வந்து மிட்டாய் சாப்பிட்டுவிட்டுப் போவாள். என்ன ஆகும் என்று தெரியாத நாளில் பக்கத்தில் இருக்கத்தான் அம்மா.

போன தடவை நான் குழந்தைக்கு வந்தேன். பெட்டி முழுக்க அவளுக்குத்தான் இருந்தது, பிரசவ மருந்தைத் தவிர உனக்கென்று ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்து வரவில்லை. இந்தத் தடவை உனக்கு வருகிறேன். பிரசவத் தேதியை ஒட்டி வரமாட்டேன். ரொம்ப முன்னாலேயே வந்துவிடுவேன், உன் வீட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். நடப்பது எதுவானாலும் அன்றைக்கு நான் வானத்தில் இருக்கமாட்டேன், மண்ணில் இருப்பேன், உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பேன். நீ கத்தினால் நானும் கத்துவேன். அங்கே இருப்பவர்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

நைனாவுக்கு உன்னைக் கேட்கப் பயம். அது வேண்டாம்னு சொல்லிட்டுதே, விட்டுடேன் என்கிறார். சொல்லிவிட்டு விசா எதுவரை செல்லும் என்று பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். அவரும் கேட்கமாட்டார், மாப்பிள்ளையும் சொல்லமாட்டார். அதனால் நானே கேட்கிறேன், வரட்டுமா என்று கேட்கவில்லை.

எந்தத் தேதிக்கு வரட்டும், சொல்லு.

அம்மா